மேட்டு மண்ணும் ஓடுகிற மழையும்: கேள்வி பதில்

மண்வளப் பாதுகாப்பு வேலையிலேயே வயதாகிப் போன ஆள் நான். தஞ்சைப் பக்கத்து மழைநீர், மண்ணரிப்பு பற்றிக் கேளுங்கள்.

வல்லம் வாசகர்: ஐயா, எங்கள் செம்மண் மேட்டில் அரை மணி மழைக்கே ஓடை கரைபுரள்கிறது. சின்ன வயதில் இப்படிப் பார்த்ததில்லை. பருவநிலை மாற்றமா?

அதுவும்தான். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் பிடிக்கும், பிடித்ததை மொத்தமாகக் கொட்டும். ஆனால் பழியை முழுக்க வானத்தின் மேல் போடாதீர்கள். அந்த மேட்டில் இருந்த புதரும் புல்லும் இப்போது எங்கே? வெறும் செம்மண்ணில் மழைத்துளி மோதினால் பொடிமண் தெறித்துத் துவாரங்களை அடைக்கும், மேலே பொருக்கு கட்டும். அப்புறம் தண்ணீர் இறங்காது, ஓடும். 10 சென்டிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். பாதி ஓடினாலும் 2 லட்சம். போகிற போக்கில் மேல்மண்ணை வாரிக்கொள்ளும். அடுத்த மழைக்கு இறுகிய அடிமண்தான் மிச்சம், ஓட்டம் இன்னும் கூடும். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், வரப்பு போடுங்கள். ஓடைக்குச் சிமெண்ட் கேட்டு மட்டும் மனு கொடுக்காதீர்கள். தண்ணீர் வேகமாக ஓடி, கீழே இருப்பவர் வயல் மூழ்கும்.

திருவாரூர் வாசகர்: மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பார்களா?

நான் மண் ஆள். செய்தித்தாள் பாருங்கள்.

மன்னார்குடி வாசகர்: எங்கள் களிமண்ணிலும் பொருக்கு கட்டுமா?

உங்கள் தொல்லை அரிப்பு இல்லை, வடிகால். கோடையில் வெடித்த வயல் முதல் மழையைக் குடிக்கும். வெடிப்பு மூடிவிட்டால் குடிக்காது. ஐப்பசிக்கு முன்னால் வடிகாலில் மண்டிய நெய்வேலிக் காட்டாமணக்கை எடுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: 2018-ல் குடகில் சரிந்த மண் எங்களுக்கு வண்டலாக வந்திருக்குமா?

பெரும்பகுதி வராது. காவிரி வழியில் கிருஷ்ணராஜசாகர் அணை இருக்கிறது, 1934 முதல் மேட்டூரும் இருக்கிறது. வண்டல் அங்கேயே படிந்துவிடும்.

கந்தர்வகோட்டை வாசகர்: தைலமரத் தோப்பு வந்தபின் எங்கள் ஏரி நிரம்புவதில்லை. மரம் உறிஞ்சுகிறது, சரிதானே?

உறிஞ்சுகிறது. ஆனால் தோப்புக்குள் வெட்டிய அகழியையும் போட்ட வரப்பையும் பார்த்தீர்களா? மழை அங்கேயே நின்றுவிட்டால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாரி காயத்தான் செய்யும்.

ஒரத்தநாடு வாசகர்: குறுக்கே வரப்பு போடு என்று வல்லத்துக்காரருக்குச் சொன்னது நீங்கள்தானே ஐயா!

நல்ல அடி. மேட்டுக்காரருக்கு ஓட்டம் ஆகாது, ஏரிக்காரருக்கு ஓட்டம் வேண்டும். இரண்டு பேரும் ஒரே மழைக்குச் சண்டை. வயலுக்குள் சின்ன வரப்பு சரி, வாரியின் வாயை அடைக்கிற அகழி தப்பு.

ஒரத்தநாடு: மரம் இருந்தால் அரிப்பு குறையுமே?

காப்பது மரத்தைவிடத் தரைதான். உயரத்து இலையில் சேர்ந்து சொட்டும் துளி பெரிதாக விழும். கீழே புல் இல்லை, சருகையும் அடுப்புக்குக் கூட்டி அள்ளியாயிற்று என்றால் தோப்பும் அரிக்கும்.

கந்தர்வகோட்டை: அப்போ வெட்டிவிடலாமா?

வெட்டின கையோடு வேரையும் பெயர்த்து உழுதுவிட்டால் ஏரி நிரம்பும், சேற்றால். முதலில் வாரியைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பிறகு புல் பிடிக்க விட்டு, துண்டு துண்டாக வெட்டட்டும்.

பாபநாசம் வாசகர்: எங்கள் ஓடைக்குச் சிமெண்ட் போட்டால்...

வல்லத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நீடாமங்கலம் வாசகர்: ஜூன் 12...

தம்பி!