இரண்டு இருக்கை ரோட்ஸ்டரா, டர்போ செடானா? விலை ஏறக்குறைய ஒன்றுதான், செலவு ஒன்றல்ல

கேள்வி: வணக்கம் ஐயா. நியூ ஜெர்சியின் எடிசனில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறோம். எனக்கு வயது 33. வேலையைச் சார்ந்த எச்1பி விசாவில் மென்பொருள் பணி, ஆண்டுச் சம்பளம் 1,18,000 டாலர். வாரத்தில் மூன்று நாள் மெட்ரோபார்க் நிலையத்திலிருந்து ரயிலில் நியூயார்க் போகிறேன். மனைவி இப்போது வேலைக்குச் செல்லவில்லை. ஜனவரி இறுதியில் முதல் குழந்தை பிறக்க இருக்கிறது. மாமனாரும் மாமியாரும் டிசம்பரில் சென்னையிலிருந்து வருகிறார்கள். எங்களிடம் இருக்கும் ஒரே காரான பழைய கொரோலாவின் கியர்பாக்ஸ் பழுதாகிவிட்டது. சரிசெய்ய 3,800 டாலர் ஆகும் என்கிறார் மெக்கானிக். விற்றாலும் அந்தத் தொகை தேறாது. கல்லூரி நாட்களிலிருந்து எனக்கு மாஸ்டா மியாட்டா ரோட்ஸ்டர் (கூரையைத் திறந்துகொள்ளக்கூடிய இருவர் கார்) மீது ஆசை, அதுவும் கியர் மாற்றி ஓட்டும் வண்டியாக இருக்க வேண்டும். மனைவி ஹோண்டா அக்கார்டு டர்போ செடான் போதும் என்கிறார். அவருக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டத் தெரியும். டீலர்கள் சொன்ன விலை, மியாட்டாவுக்கு 31,400, அக்கார்டுக்கு 30,600. சேமிப்பு 36,000 டாலர். அதில் 15,000-ஐ முன்பணமாகக் கட்ட நினைக்கிறேன். ஊருக்கு அனுப்புவது உட்பட மாதச் செலவு 4,800. வித்தியாசம் 800 டாலர்தான் என்னும்போது பிடித்த காரை வாங்குவதில் என்ன தவறு? கார் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்கிறார்களே, அது எனக்குக் கிடைக்குமா?
வாசகர், எடிசன்

பதில்: உங்கள் ஆசையில் தவறே இல்லை. ஆனாலும் இப்போது நீங்கள் வாங்க வேண்டியது செடான்தான். மியாட்டாவைத் தள்ளிப்போட முடியும். குழந்தையோடு போவதற்கான காரை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட முடியாது. என் கணக்கு முழுவதும் இந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறது.

நீங்கள் இரண்டு கார்களின் விலையை ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஒப்பிட வேண்டியது, ஒவ்வொரு காரும் அடுத்த மூன்று ஆண்டுகளில் உங்கள் வீட்டில் வேறு என்னென்ன செலவுகளை இழுத்து வரும் என்பதை. வீட்டில் இரண்டு கார்கள் இருந்தால் ஒன்று இரண்டு இருக்கை வண்டியாக இருப்பது வாழ்க்கையின் சிறிய இன்பங்களில் ஒன்று என்று நானே சொல்வேன். ஒரே கார் இருக்கும் வீட்டில், அந்தக் கார் கணவன், மனைவி இருவராலும் ஓட்டக்கூடியதாகவும் குழந்தையைப் பின்னிருக்கையில் ஏற்றக்கூடியதாகவும் இருந்தே ஆக வேண்டும். குழந்தை பிறந்து மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் குழந்தை மருத்துவரிடம் முதல் முறை காட்டச் சொல்வார்கள். பிறகு தடுப்பூசி, எடை பார்த்தல், நள்ளிரவுக் காய்ச்சல் என்று அலைச்சல் தொடரும். நீங்கள் நியூயார்க் அலுவலகத்தில் இருக்கும் ஒரு பகலில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், வாசலில் நிற்கும் கியர் வண்டி உங்கள் மனைவிக்கு எந்த வகையிலும் உதவாது.

மியாட்டாவை ஆட்டோமேட்டிக்கிலும் வாங்கலாம். அப்போதும் பாதிச் சிக்கல் அப்படியே நிற்கும். அதில் பின்னிருக்கை இல்லை. காற்றுப்பை விரியக்கூடிய முன்னிருக்கையில், பின்னோக்கிப் பொருத்தும் கைக்குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. காற்றுப்பை விரியும் வேகம் குழந்தையின் தலையைத்தான் தாக்கும். பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளைப் பின்னிருக்கையில் அமர வைக்குமாறு அமெரிக்கக் கூட்டரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பும் அறிவுறுத்துகிறது. டிசம்பரில் உங்கள் மாமனார், மாமியாரை அழைத்துவர நூவர்க் விமான நிலையத்துக்குப் போகும் நாளையும் நினைத்துப் பாருங்கள். மியாட்டாவின் டிக்கி சுமார் 130 லிட்டர்; அக்கார்டின் டிக்கி சுமார் 470 லிட்டர். ஊரிலிருந்து வரும் பெரிய பெட்டிகளில் ஒன்றைக்கூட மியாட்டாவில் அடக்குவது பெரும்பாடு. பெட்டியை விடுங்கள், ஓட்டுபவர் போக ஒருவர்தான் உட்கார முடியும்.

ஆகவே மியாட்டா வாங்கினால், சில மாதங்களில் இரண்டாவது கார் ஒன்றும் வாங்க நேரிடும். அப்போது இரண்டு காப்பீடுகள், இரண்டு பதிவுக் கட்டணங்கள், குடியிருப்பில் இன்னொரு நிறுத்துமிடம் எல்லாம் சேரும். அதைத் தவிர்க்க மியாட்டாவையே விற்றுவிட்டுச் செடான் வாங்கினால், புதுக் கார் முதல் ஆண்டில் இழக்கும் மதிப்பு உங்கள் தலையில் விழும், 6.625 சதவீத விற்பனை வரியையும் மறுபடி கட்ட வேண்டும். டீலரிடமே பழைய காரைக் கொடுத்து மாற்றிக்கொண்டால் அந்த மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் நியூ ஜெர்சியில் வரி போடுவார்கள். ஆனால் டீலர் தரும் விலை, வெளியில் நேரடியாக விற்றுக் கிடைக்கும் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். நீங்கள் சொன்ன 800 டாலர் வித்தியாசம் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

எரிபொருள் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆண்டுக்கு 8,000 மைல் ஓட்டினால் மியாட்டாவுக்கு ஏறத்தாழ 276 கேலன், அக்கார்டுக்கு 250 கேலன் என்ற அளவில் வரும். மியாட்டாவுக்கு பிரீமியம் பெட்ரோலைப் பரிந்துரைக்கிறார்கள், அக்கார்டுக்குச் சாதாரண ரகம் போதும். காப்பீட்டைப் பொறுத்தவரை ஊகம் வேண்டாம். இரண்டு கார்களுக்கும் எவ்வளவு ஆகும் என்று காப்பீட்டு நிறுவனங்களிடம் கட்டண விவரம் வாங்கிப் பாருங்கள்.

இப்போது வரிச்சலுகை. 2025 முதல் 2028 வரையிலான வரி ஆண்டுகளில், சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் புதுக் காரின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருப்பது உண்மைதான். செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் அரசு அனுமதிக்கும் நிலையான கழிவை எடுப்பவர்களுக்கும் இது உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குக் காட்டும்போது வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் சலுகை குறையத் தொடங்கும்; உங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் காரின் பாகங்கள் இறுதியாக ஒன்றுசேர்த்துப் பூட்டப்படும் இடம் அமெரிக்காவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மியாட்டா ஜப்பானின் ஹிரோஷிமாவில் தயாராவதால் அதற்குச் சலுகை கிடையாது. ஹோண்டா நிறுவனம் 1982-ஆம் ஆண்டிலேயே ஒஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் அக்கார்டைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் பூட்டப்பட்ட அக்கார்டுக்குச் சலுகை உண்டு. நீங்கள் வாங்கும் குறிப்பிட்ட வண்டியின் வின் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) 1, 4, 5 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குகிறதா என்று பாருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளிலும் பூட்டப்பட்ட ஊர் அச்சிடப்பட்டிருக்கும்.

இந்தச் சலுகையைப் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். அக்கார்டின் விலை, வரி, பதிவு, டீலர் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து 33,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதமாகிய 6,700 டாலரை முன்பணமாகக் கட்டி, மீதி 26,800 டாலரை 6.5 சதவீத வட்டியில் 48 மாதங்களுக்குக் கடனாக வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 636 டாலர். முதல் ஆண்டில் நீங்கள் செலுத்தும் வட்டி சுமார் 1,560 டாலர். உங்கள் வருமானம் 12 சதவீத வரி அடுக்கில் வருவதால், சலுகையால் அந்த ஆண்டு மிச்சமாவது 190 டாலருக்குச் சற்றுக் குறைவு. கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காக ஒரு காரைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அது பெரிய தொகை அல்ல.

அதைவிடப் பெரிய தொகை கடனின் கால அளவில் ஒளிந்திருக்கிறது. டீலர் உங்களிடம் முதலில் கேட்பது, "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். அதே கடனை 72 மாதங்களுக்கு நீட்டினால் தவணை 450 டாலராக இறங்கிக் கண்ணுக்கு இதமாகத் தெரியும். ஆனால் மொத்த வட்டி 3,700 டாலரிலிருந்து 5,600 டாலருக்கு மேல் ஏறிவிடும். வரி, கட்டணங்கள் அனைத்தும் சேர்ந்த இறுதி விலையை எழுத்தில் வாங்கிய பிறகே கடனைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு முன்பே ஒரு கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவு நிதி நிறுவனம்) கடன் ஒப்புதலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வாரத்துக்குள் பல இடங்களில் கார் கடன் விசாரித்தாலும் கிரெடிட் ஸ்கோர் கணக்கில் அது ஒரே விசாரிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் 15,000 டாலர் முன்பணம். கடன் குறைய வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நல்லதுதான். இருந்தாலும் எச்1பி விசாவில் இருப்பவரின் கையிருப்பை மற்றவர்களுடைய கையிருப்பைப் போல் பார்க்க முடியாது. வேலை போனால், வேறு நிறுவனம் உங்களுக்காக விண்ணப்பிப்பதற்கோ விசா நிலையை மாற்றுவதற்கோ நாட்டைவிட்டுப் புறப்படுவதற்கோ அதிகபட்சம் 60 நாட்கள்தான் அவகாசம். அந்த 60 நாட்களில் வாடகை, மருத்துவக் காப்பீடு, மூன்று பேருக்கு விமானச் சீட்டு, வீட்டைக் காலி செய்யும் செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். காரில் போட்டுவிட்ட பணத்தை அந்த வாரத்தில் திரும்ப எடுக்க வேண்டுமானால், காரை அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்குத்தான் விற்க வேண்டியிருக்கும்.

பிரசவச் செலவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கர்ப்பகாலப் பரிசோதனைகள் இந்த ஆண்டிலும் பிரசவம் அடுத்த ஆண்டிலும் வருவதால், உங்கள் காப்பீட்டின் டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை) ஜனவரி 1 அன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கக்கூடும். குழந்தைக்கென்று தனிப் பில்லும் வரும். குழந்தை பிறந்த 30 நாட்களுக்குள் அதன் பெயரை அலுவலகக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். தவறவிட்டால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரலாம். இதற்கெல்லாம் 8,000 டாலர் ஒதுக்கச் சொல்கிறேன். உங்கள் திட்டப்படி 15,000 முன்பணம் கட்டிவிட்டு இந்த 8,000-ஐயும் ஒதுக்கினால், கையில் மிஞ்சுவது 13,000; மூன்று மாதச் செலவுக்குக்கூடக் காணாது. முன்பணத்தை 6,700-ஓடு நிறுத்தினால் 21,300 மிஞ்சும், நான்கு மாதங்களுக்கு மேல் தாங்கும். ஆறு மாதச் செலவாகிய 28,800-ஐ எட்டும் வரை மற்ற எந்தப் பெரிய செலவையும் தொடாதீர்கள். நிறுவனம் பங்களிக்கும் அளவுக்கு 401(கே) ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் செலுத்துவதை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.

அக்கார்டைப் பற்றி ஒரு குறிப்பு. அதில் இருப்பது 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், 192 குதிரைத்திறன். வெளியேறும் புகையின் விசையால் சுழலும் விசிறி கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் தள்ளுவதால்தான் சிறிய எஞ்சின் இவ்வளவு இழுக்கிறது. இத்தகைய எஞ்சின்கள் கடுங்குளிரில் சூடேறுவதற்குள் திரும்பத் திரும்ப அணைக்கப்பட்டால், எண்ணெயில் பெட்ரோல் கலக்கக்கூடும். இதே அளவு எஞ்சின் கொண்ட 2017, 2018 மாடல் சிஆர்-வி கார்களுக்கு இந்தக் காரணத்துக்காகவே ஹோண்டா எஞ்சின் வாரண்டியை நீட்டித்தது. உங்கள் அன்றாட ஓட்டம் ரயில் நிலையத்துக்குப் போய் வருவது மட்டும்தான் என்றால், குளிர்காலத்தில் வாரம் ஒரு முறையாவது பிரிட்ஜ்வாட்டர் கோயில் வரை நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். எண்ணெய் மாற்றும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள், ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மியாட்டாவுக்கு வருகிறேன். 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான நாளிலிருந்து அது எடை குறைந்த, எளிய, இருவர் மட்டும் செல்லும் வண்டியாகவே இருந்து வருகிறது. இன்றைய மாடல்கூட 2015-இல் வந்த அதே தலைமுறைதான். எடை ஏறக்குறைய 1,060 கிலோ, 181 குதிரைத்திறன். காத்திருப்பதால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஐந்து, ஆறு ஆண்டுகள் ஓடிய மியாட்டாவும் ஓட்டுவதற்கு ஏறக்குறைய அதே காராகத்தான் இருக்கும், முதல் சில ஆண்டுகளின் மதிப்பு இழப்பையும் வேறொருவர் ஏற்றிருப்பார். 48 மாதங்களில் அக்கார்டின் கடன் முடிந்ததும், அதே 636 டாலரைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாதந்தோறும் மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு ஆண்டுகளில் 15,000 டாலருக்கு மேல் சேர்ந்துவிடும்; கடனே இல்லாமல் நல்ல பழைய மியாட்டா ஒன்றைத் தேடத் தொடங்கலாம். அதுவரை ஆண்டுக்கு ஓரிரு முறை ஒரு மியாட்டாவை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, டெலாவேர் வாட்டர் கேப் மலைச்சாலையில் ஓட்டிப் பாருங்கள். பத்து ஆண்டு ஆசைக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். உங்கள் வீட்டு வரவுசெலவில் அதற்கென்று ஒரு வரி இருக்கட்டும்.

அக்கார்டைச் சோதனை ஓட்டம் பார்க்கப் போகும்போது உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள், குழந்தை இருக்கையையும் அதற்குள் வாங்கி எடுத்துப் போங்கள். பின்னோக்கிப் பொருத்திய பிறகு முன்னிருக்கையில் உங்கள் கால்களுக்கு இடம் இருக்கிறதா, அவரால் குனிந்து வார்ப்பட்டையை எளிதாக மாட்ட முடிகிறதா என்று ஷோரூம் வாசலிலேயே பார்த்துவிட்டு, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.