ஐரோப்பிய கோல்ஃப் மைதானங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐரோப்பாவுக்குப் போய் ஆட நினைப்பவர்களும், பிரிட்டனின் ஓப்பன் கோல்ஃப் போட்டியை டிவியில் பார்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஸ்காட்லாந்து, இங்கிலாந்து கடலோர மைதானங்களில் மரமும் இல்லை, குளமும் இல்லை. புல்கூடப் பழுப்பாகக் கிடக்கிறது. இதில் என்ன பெரிய சவால்?

சவாலே அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேட்டு நிலத்துக்கு லிங்க்ஸ் என்று பெயர். அடியில் மணல் இருப்பதால் மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும். மேலே வளர்வது ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல். கோடையில் நீர் வற்றினால் பழுப்பேறிக் கிடக்கும், மழை விழுந்ததும் மறுபடி துளிர்க்கும். இது பராமரிப்புக் குறை அல்ல. பெரும்பாலான லிங்க்ஸ் மைதானங்களில் வேண்டுமென்றேதான் தண்ணீரைக் குறைவாக விடுகிறார்கள்.

காய்ந்த தரையில் பந்து விழுந்த இடத்தில் நிற்காது. 30, 40 கெஜம் ஓடும். ஓடுகிற பந்து ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் திசை மாறும், பங்கர் என்ற மணல் பள்ளம் இருக்கும் பக்கம் சரிந்தும் போகும். ஆகவே பந்து எங்கே விழும் என்பதோடு, எங்கே போய் நிற்கும் என்பதையும் கணக்குப் போட வேண்டும். 2006இல் ராயல் லிவர்பூல் மைதானம் இப்படித்தான் காய்ந்து கிடந்தது. டைகர் உட்ஸ் நான்கு நாளும் சேர்த்து 72 குழிகளில் ஒரே ஒரு முறைதான் டிரைவரை (மிக அதிக தூரம் அடிக்கும் மட்டையை) எடுத்தார். நீள அயர்ன்களால் (இரும்புத் தலை மட்டைகளால்) பங்கர்களுக்கு முன்னாலேயே பந்தை நிறுத்தி, 18 அண்டர் பாரில் (நிர்ணயித்த அடிகளைவிட 18 குறைவாக) ஓப்பனை வென்றார். வலுவைவிட யோசனை பெரிது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கேள்வி: எதிர்க்காற்றில் எத்தனை மட்டை கூட்டி (எத்தனை படி அதிக தூரம் போகும் மட்டையாக) எடுப்பது?

ஆட்டக்காரர்கள் கையாளும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. எதிர்க்காற்றின் வேகம் மணிக்கு எத்தனை மைலோ, அத்தனை சதவீதம் தூரத்தைக் கூட்ட வேண்டும். பின்காற்று என்றால் அதில் பாதியைக் கழித்தால் போதும். குழியைக் காட்டும் கொடி 150 கெஜத்தில் இருக்கிறது, 20 மைல் எதிர்க்காற்று என்றால் 180 கெஜத்துக்கு அடிக்க வேண்டும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 135. எதிர்க்காற்று பறிக்கும் அளவுக்குப் பின்காற்று கொடுப்பதில்லை. இதை மறந்து, பின்காற்று என்றதும் மட்டையை அதிகமாகக் குறைத்துவிடுகிறவர்கள் ஏராளம்.

எதிர்க்காற்றில் இன்னும் பலமாக அடிப்பது பெரிய தப்பு. வேகம் கூடினால் பின்சுழற்சி கூடும், பந்து மேலே எழும்பி அங்கேயே தொங்கி, குட்டையாக விழும். இரண்டு மட்டை கூடுதலாக எடுங்கள். பிடியை 2, 3 சென்டிமீட்டர் இறக்குங்கள். பந்தை ஒரு பந்தகலம் பின்னால் வைத்து, முக்கால் சுவிங்கில் நிதானமாக அடித்து, கைகளை நெஞ்சு உயரத்தில் நிறுத்துங்கள். கிரீனில் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையில்) பந்தை உருட்டும் மட்டையான பட்டரோடு நிற்கும்போதும் காலை அகட்டி நிற்பது நல்லது. 2015 ஓப்பனில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிரீன்களில் பந்துகள் காற்றில் தானாக நகர்ந்ததால் சனிக்கிழமை பல மணி நேரம் ஆட்டத்தை நிறுத்தவேண்டி வந்தது. லிங்க்ஸ் கிரீன்களைக் கண்ணாடிபோல் வேகமாக வெட்டாததற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: பாட் பங்கரில் விழுந்தால் வெளியே வர வழி என்ன? நம் ஊர் பங்கரில் சமாளிக்கிற எனக்கு அங்கே முடியுமா?

முடியும், ஆனால் கொடியை மறந்துவிட வேண்டும். பாட் பங்கரின் சுவர், புல்தரைப் பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது, ஏறக்குறைய செங்குத்து. பங்கரைச் சுற்றியுள்ள தரை உள்நோக்கிச் சரிந்திருக்கும். அதனால் பங்கரின் வாய் சின்னதாகத் தெரிந்தாலும் அது பந்தை வாங்குகிற பரப்பு பெரியது.

உள்ளே இறங்குமுன் பந்துக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஓர் எட்டுக்கும் குறைவாக இருந்தால் முன்னால் அடிக்கும் எண்ணமே வேண்டாம். பந்து சுவரில் மோதிக் காலடிக்கே திரும்பும், அல்லது சுவரடியில் முன்பைவிட மோசமாகப் பதியும். பக்கவாட்டிலோ பின்னாலோ தாழ்ந்த விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கே அடித்து வெளியேறுங்கள். இடைவெளி இருந்தால், முதலில் மட்டை முகத்தைத் திறந்து, பிறகு பிடியுங்கள். பிடித்தபின் கையைத் திருப்பித் திறந்தால் அடிக்கும்போது முகம் பழைய நிலைக்கே வந்துவிடும். கால்களை மணலில் புதைத்து, பாரத்தை முன்காலில் வைத்து, பந்துக்கு 4, 5 சென்டிமீட்டர் பின்னால் மணலில் இறக்கி, சுவிங்கை முழுசாக முடியுங்கள். பாதியில் நிறுத்துவதால்தான் பந்து பங்கரிலேயே கிடக்கிறது. மணல் மெல்லிசாக, அடித்தரை கெட்டியாக இருந்தால் பவுன்ஸ் (அடிப்பாகத்தின் புடைப்பு) அதிகமுள்ள வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) துள்ளிப் பந்தின் வயிற்றில் அடித்துவிடும். பவுன்ஸ் குறைந்ததை எடுங்கள்.

ஒன்றுமே நடக்காது என்று தோன்றினால் விதி கை கொடுக்கும். பந்தை ஆட முடியாதது என்று அறிவித்து, ஒரு அபராத அடியோடு பங்கருக்குள்ளேயே டிராப் செய்யலாம் (பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு ஆடலாம்). 2019 முதல், இரண்டு அபராத அடி கொடுத்தால் கொடி, பந்து இரண்டையும் இணைக்கும் கோட்டில் பங்கருக்குப் பின்னால் வெளியே டிராப் செய்யவும் வழி இருக்கிறது. அடிமேல் அடியாக ஐந்தாறு வீணாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: நீளம் குறைந்த குழி என்றால் சுலபம்தானே?

ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்தில் 8ஆம் குழிக்குச் செல்லப்பெயர் தபால் தலை. நீளம் 123 கெஜம்தான். கிரீன் குறுகலானது, சுற்றிலும் ஐந்து பங்கர்கள். 1950 ஓப்பனில் ஹெர்மன் டிஸீஸ் என்ற ஜெர்மானிய அமெச்சூர் இதை முடிக்க 15 அடி எடுத்துக்கொண்டார். 1973இல் 71 வயது ஜீன் சாரசன் ஒரே அடியில் முடித்தார்.

கேள்வி: செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஃபேர்வே (பந்து போகவேண்டிய, வெட்டிய புல்பாதை) அவ்வளவு அகலம். பிறகு ஏன் அதைக் கடினம் என்கிறார்கள்?

அகலம் இருப்பதால்தான். இடப்பக்கம் அடித்தால் பெரும்பாலும் பத்திரமாக இருப்பீர்கள். ஆனால் அங்கிருந்து கிரீனுக்குப் போகும் கோணம் மோசமாகிவிடும். வலப்பக்க ஓரத்தில் முட்புதரும் எல்லைக்கோடும் நெருங்கி நிற்கும். அங்கே துணிந்து போனவருக்குக் கிரீன் நன்றாகத் திறந்து கொடுக்கும். எவ்வளவு துணிவது என்று ஒவ்வொரு டீயிலும் (முதல் அடி அடிக்கும் இடத்திலும்) நீங்களே முடிவு செய்யவேண்டும். இதனால்தான் எத்தனை முறை ஆடினாலும் இந்த மைதானம் அலுப்பதில்லை.

17ஆம் குழி, ரோட் ஹோல், இதற்கு உச்சம். ஓப்பனில் 495 கெஜம், பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்கவேண்டியது. டீயிலிருந்து ஓட்டலை ஒட்டிய கொட்டகைகளுக்கு மேலாக அடிக்க வேண்டும். ஓட்டலை ஒட்டிப் போனால் அடுத்த அடிக்கு நல்ல கோணம் கிடைக்கும். கொஞ்சம் மிஞ்சினால் எல்லைக்கு வெளியே. கிரீனின் முன் இடப்பக்கத்தைக் குடைந்தாற்போல் ரோட் பங்கர், பின்னால் தார்ச்சாலை, அதற்கப்பால் கல்சுவர். சாலையில் நின்ற பந்தை அங்கிருந்தேதான் ஆட வேண்டும், இலவச டிராப் கிடையாது. 1978 ஓப்பனில் டாமி நகாஜிமா கிரீனில் பட் செய்த பந்தே சரிவில் இறங்கிப் பங்கரில் விழுந்தது. அந்தக் குழியில் அவர் எடுத்தது 9. நடுத்தர ஆட்டக்காரருக்கு ஒரே நல்ல வழி, இரண்டாவது அடியைக் கிரீனின் முன் வலப்பக்கத்துக்குக் குட்டையாக அடித்து, அங்கிருந்து பட்டராலேயே மேலே ஏற்றுவது. அங்கே 5 எடுத்தால் சந்தோஷமாக 18க்கு நடங்கள்.

கேள்வி: கிரீனுக்கு வெளியிலிருந்து பட்டரா? வெட்ஜ் எதற்கு இருக்கிறது?

கெட்டித் தரையில் புல் மிகக் குட்டையாக இருக்கும்போது, மட்டை முகத்துக்கும் பந்துக்கும் நடுவே மெத்தை கிடையாது. லாப் வெட்ஜின் அடிப்பாகம் தரையில் மோதித் துள்ளி, பந்தைக் கிரீனுக்கு அப்பால் விரட்டிவிடும். 20 கெஜத்துக்குள் பட்டர், அதற்கு மேல் 7 அல்லது 8 அயர்னில் தாழ்வாகத் தட்டி உருட்டுவது. மோசமான பட்டர் அடி, நல்ல வெட்ஜ் அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கேள்வி: அயர்லாந்தில் கொடியே தெரியாமல் அடிக்கவேண்டிய குழிகள் உண்டாமே?

உண்டு. லஹிஞ்ச் மைதானத்தின் டெல் என்ற பார் 3 குழியில், கிரீன் இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே முழுக்க மறைந்திருக்கும். மேட்டின்மேல் வைத்த வெள்ளைக் கல்தான் அன்றைக்குக் குழி எந்தத் திசையில் என்று சொல்லும். ராயல் கவுண்டி டவுனிலும் டீயிலிருந்து பல ஃபேர்வேக்கள் தெரியாது. குறிக்கல்லையோ கம்பத்தையோ நம்பி அடியுங்கள். பாதி மனதோடு அடித்தால்தான் பந்து திசை தவறும். மணி கட்டியிருக்கும் இடத்தில் நீங்கள் தாண்டிப்போனதும் அந்த மணியை அடிக்க மறக்காதீர்கள், பின்னால் வருபவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

கேள்வி: பிரான்ஸ், ஸ்பெயின் பக்கமும் இதே மாதிரிதானா?

இல்லை, அங்கே வேறு உலகம். ஸ்பெயினின் வால்டெர்ராமாவில் கார்க் ஓக் மரங்கள் நெருங்கி நிற்கும். ஃபேர்வேயில் கிடக்கும் பந்துக்குக்கூட ஒரு கிளை குறுக்கே நிற்கலாம். பாரிசுக்குப் பக்கத்து லெ கோல்ஃப் நேஷனலில் கடைசிக் குழிகளில் தண்ணீர் காத்திருக்கும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையில், 2018இல் அங்கே ஃபேர்வேக்களைக் குறுக்கி ரஃப்பை (ஓரத்து நீளப் புல்லை) வளர்த்துவிட்டதில், நீளமாக அடிக்கும் அமெரிக்க அணி 17½–10½ என்று தோற்றது. சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மைதானம் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் போவதால், முதல் சில குழிகளிலேயே உங்கள் தூரங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பலரும் ஏமாறுவது அளவில். பிரிட்டனில் கெஜம், ஐரோப்பியக் கண்டத்தில் மீட்டர். பலகையில் 150 என்றிருந்தால் அது 164 கெஜம், ஒரு மட்டைக்கு மேல் வித்தியாசம். மீட்டரோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் போதும்.

கேள்வி: வெளியாள் போய் ஆட என்ன வேண்டும்?

ஹேண்டிகேப் (உங்கள் ஆட்டத்திறனைக் காட்டும் எண்) சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள், பல கிளப்புகளில் கேட்பார்கள். ஜெர்மனியில் பிளாட்ஸ்ரைஃபே என்ற தகுதித் தேர்வு முடிக்காதவர்களுக்கு அநேக கிளப்புகள் இடம் தருவதில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுத்தால் குலுக்கலில் இடம் கிடைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக அங்கே ஆட்டம் கிடையாது, ஊர் மக்கள் உலாவுவார்கள். பிரிட்டனில் வெளியாட்களுக்குப் பொதுவாக மஞ்சள் டீ. கௌரவம் பார்த்துப் பின்னாலுள்ள டீக்குப் போகாதீர்கள்.

எல்லா அடிகளையும் கூட்டும் எண்ணிக்கை ஆட்டம் வேண்டாம், குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் ஆடுங்கள்: பாருக்கு 2 புள்ளி, போகிக்கு (பாரைவிட ஓர் அடி கூடுதல்) 1, பர்டிக்கு (ஓர் அடி குறைவு) 3. ஒரு பங்கரில் சிக்கினால் அந்தக் குழியில் பூஜ்யம் வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். மழைக்கு இரண்டு கைக்கும் மழைக் கையுறை, குடைக்குள் தொங்கவிட ஒரு துண்டு. தொலைந்த பந்தைத் தேட 3 நிமிடம்தான்; சந்தேகம் வந்தால் நகருமுன் தற்காலிகப் பந்து ஒன்றை அடித்துவிடுங்கள்.