பேச்சரவம் என்றால் தமிழ்ப் பேச்சா?

சொல்லும் பொருளும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. மார்கழி முப்பது நாளும் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட திருப்பாவையை வைத்துக்கொண்டு பாடுவார். ஏழாம் பாட்டில் ‘ஆனைச்சாத்தன் கலந்து பேசின பேச்சரவம்’ என்று வருகிறதே, பறவைகள் தமிழிலா பேசின என்று கேட்டார். அவர்கள் தமிழை அரவம் என்றுதான் சொல்வார்கள். நானோ அரவம் என்றால் பாம்பு என்று படித்தவள். என்ன பதில் சொல்வது? (ஒரு வாசகி, புத்தூர்)

பதில்: உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பாட்டைப் பாடுகிறவர்கள் பலர். பாடும்போதே ஒரு சொல்லில் நின்று இது என்ன என்று கேட்பவர்கள் குறைவு.

பாம்பைக் குறிக்கும் அரவம் வேறு சொல். அரா, அரவு என்றும் அது வரும். ஆண்டாள் சொல்வது ஒலியைக் குறிக்கும் அரவம். வடமொழியில் ‘ரவ’ என்றால் ஒலி. ரகரத்தில் தொடங்கும் சொல் தமிழுக்குள் வரும்போது முன்னால் ஒரு குறில் சேர்த்துக்கொள்ளும். ராமன் இராமன் ஆனான், ரங்கன் அரங்கன் ஆனான். அதே வழியில் ரவம் அரவம் ஆனது. வந்ததும் நேற்றல்ல. தொல்காப்பியத்திலேயே ‘கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள’ என்று இருக்கிறது. நான்கு கடினமான சொற்களுக்குப் பொருள் சொல்ல அரவத்தை எடுத்திருக்கிறார் என்றால், அன்றைக்கே அது எல்லாருக்கும் புரிந்த சொல் என்றுதானே ஆகிறது?

ஆனால் அந்த நான்கும் பெரிய ஓசைகள். திருவிழா இரைச்சல், சந்தைக் கூச்சல் போன்றவை. இன்று நாம் அரவம் என்றால் அப்படியா சொல்கிறோம்? ‘வாசலில் ஆளரவம் கேட்டது’, ‘ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் ஆளரவமே இருக்காது’ என்கிறோம். செருப்பு தேயும் ஒலி, தாழ்ப்பாள் அசையும் ஒலி, யாரோ தொண்டையைச் செருமும் ஒலி. என்ன ஒலி என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். சொல் அப்படிச் சுருங்கி வந்திருக்கிறது.

நடுவில் அது எங்கே நின்றது என்பதற்கு ஆண்டாளே சாட்சி. ஆறாம் பாட்டில் கோயில் சங்கு ஊதுகிறது, முனிவர்கள் அரி என்கிறார்கள். அந்த இரண்டுக்கும் வெறும் அரவம் போதாது என்று ‘பேரரவம்’ என்கிறாள். அடுத்த பாட்டில் குருவிகள் விடியுமுன் கீசுகீசு என்கின்றன. அங்கே பேர் இல்லை, பேச்சரவம்தான். ஆய்ச்சியர் தயிர் கடைகிறார்கள். அது தயிரரவம். ஆனைச்சாத்தனைக் கரிச்சான் குருவி என்று பலரும் சொல்கிறார்கள். இருட்டு பிரியுமுன்பே குரல் கொடுக்கிற குருவி அது. எங்கள் வீட்டு மின்கம்பியில் இரண்டு உண்டு. அவை கலந்து பேசும்போது பேச்சு போலவே இருக்கும், ஒரு சொல்லும் பிடிபடாது. ‘கலந்து பேசின பேச்சரவம்’ என்பதில் எந்தச் சொல்லையும் என்னால் மாற்ற முடியவில்லை.

தயிரரவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரிய வழியில்லை. என் அம்மா நாலரை மணிக்கு எழுந்து, தூணில் கட்டிய கயிற்றில் மத்தைப் பூட்டிக் கடைவார். நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் தண்ணீர் போல ‘சளக் சளக்’ என்று மெல்லிசாக ஓடும். கொஞ்ச நேரத்தில் அந்த ஒலி கனக்கும். வெண்ணெய் திரளத் தொடங்கியதும் ‘தொளக், தொளக்’ என்று அடிக்குரலுக்கு இறங்கிவிடும். அம்மா பானைக்குள் பார்ப்பதே இல்லை, காதாலேயே தெரிந்துகொண்டு கயிற்றை நிறுத்துவார். மத்தைத் தெலுங்கில் கவ்வம் என்பார்கள். அதைச் சொல்லி உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்த அரவம் அவர்கள் காதிலும் இருக்கும்.

கேள்வி: கூடப் படிக்கும் பையன்கள் என்னை ‘அரவவாடு’ என்கிறார்கள். அரவம் என்றால் அர்த்தமில்லாத சத்தம், தமிழ் அவர்கள் காதுக்கு வெறும் சத்தமாகக் கேட்டதால் அந்தப் பெயர் என்று ஒருவர் சொன்னார். மனசு கஷ்டமாக இருக்கிறது. (ஒரு கல்லூரி மாணவர், நகரி)

பதில்: தம்பி, அந்த விளக்கத்தை நானும் சிறு வயதில் கேட்டு வருந்தியவன்தான். பிறகு படித்துத் தெளிந்தேன். அந்தத் தெளிவு உங்களுக்கும் வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒலியைக் குறிக்கும் அரவமும் மொழியைக் குறிக்கும் அரவமும் கேட்க ஒன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான். மொழிப்பெயருக்கு அறிஞர்கள் பலர் காட்டும் வேர் அருவா நாடு. தமிழ் வழங்கிய பன்னிரண்டு நாடுகளைச் சொல்லும் பழைய வெண்பா ஒன்றில் ‘அருவா அதன்வடக்கு’ என்று இரண்டு நாடுகள் வருகின்றன. அருவா நாடும் அருவா வடதலை நாடும். அங்கே இருந்தவர்கள் அருவாளர். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை ‘தொல் அருவாளர் தொழில் கேட்ப’ என்கிறது. காஞ்சிக்கும் வேங்கட மலைக்கும் நடுவே, இதோ நாம் இருக்கிற பக்கம்தான் அது. தெலுங்கு பேசுகிறவர் தெற்கே வந்தால் முதலில் பார்க்கும் தமிழர் அருவாளர். முதலில் பார்த்தவரின் பெயரே மொத்தக் கூட்டத்துக்கும் பெயராகிவிட்டது.

நாமும் அதைத்தான் செய்தோம். வடக்கே இருந்தவர்களை வடுகர் என்றோம். கேரளத்தில் தமிழ்நாட்டுக்காரரைப் பாண்டி என்றார்கள். கன்னடத்தில் திகளர் என்றார்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவர் வைக்கும் பெயர் இப்படித்தான் வரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்தவர் மொழியை வெறும் சத்தமாகக் கேட்கும் பழக்கம் நம்மிடமும் இருந்தது. அகநானூற்றில் ‘கல்லா நீள்மொழிக் கதநாய் வடுகர்’ என்று ஒரு வரி. சினங்கொண்ட நாய்களோடு திரியும், கல்லாத நீண்ட பேச்சுடைய வடுகர் என்று பொருள். புரியாத மொழி எந்தக் காதுக்கும் நீளமாகத்தான் கேட்கும். ஆனால் அதே சங்கப் புலவர்கள் வேங்கடத்துக்கு அப்பால் உள்ள நாட்டை ‘மொழிபெயர் தேயம்’ என்றும் சொன்னார்கள். மொழி மாறுகிற நாடு. அதில் இகழ்ச்சி இல்லை.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. என் அக்காவைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்திருந்தது. ஒரு பஸ் தூரத்தில் இருந்த அக்கா வீடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. வீட்டுப் பேச்சு ஒன்றும் மாறவில்லை. அந்தப் பேச்சுக்குப் பெயர் தமிழ், அண்டை வீட்டார் வைத்த பெயர் அரவம். இரண்டுமே பழைய பெயர்கள். அந்தப் பையன்கள் கேலியாகச் சொன்னால் கேலியைத் தடுங்கள், சொல்லின் மேல் கோபப்படாதீர்கள். பட்டினப்பாலை வரியை அவர்களுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

கேள்வி: முணுமுணுப்பா, முனுமுனுப்பா? முனகலுக்கு எந்த ன? (ஒரு வாசகர், சித்தூர்)

பதில்: முணுமுணுப்பு, டண்ணகரம். முனகல், றன்னகரம். முணுமுணு என்பது இரட்டைக்கிளவி. ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்பது தொல்காப்பியம். முணு என்று தனியே சொன்னால் பொருள் இல்லை.

பொருளிலும் வேறுபாடு உண்டு. முணுமுணுப்பில் சொல் இருக்கிறது, வெளியே வரவில்லை. மருமகள் அடுப்படியில் முணுமுணுத்தால் அதற்குள் ஒரு முழு வாக்கியம் இருக்கும். முனகலில் சொல்லே இல்லை. பத்து வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து என் கை முறிந்தது. அப்பா புத்தூர் கட்டுப் போட அழைத்துப் போனார். திண்ணையில் எங்களுக்கு முன்னால் பதினைந்து இருபது பேர். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் தடவித் துணி சுற்றி மூங்கில் சிம்பு வைக்கும் வரைக்கும் ஒருவரும் பேசவில்லை. தமிழர் முனகினார்கள், தெலுங்கர் ‘மூலுகு’ என்றதைச் செய்தார்கள், கேட்க ஒன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒன்று கவனியுங்கள். முணுமுணு, முனகு, சிணுங்கு, தெலுங்கில் கொணுகு, சணுகு. எல்லாவற்றிலும் மூக்கொலி. வாயை அடைத்து மூச்சை மூக்கு வழியாக விட்டால் ஒலி மங்கித்தான் வரும், அந்த மங்கலையே சொல்லுக்குள் வைத்துவிட்டார்கள். கிசுகிசு, குசுகுசு, தெலுங்கின் குசகுசலு ஆகியவை வேறு கூட்டம். இரகசியம் பேசும்போது குரல்நாண் அதிர்வதில்லை, வெறும் காற்றுதான் போகிறது. தூரத்தில் இருப்பவர் காதில் விழுவது அந்த ‘ஸ்ஸ்’ ஒன்றுதான். ஆகவே அங்கே சகரம். வாயை மூடினால் ஒரு கூட்டம், குரலைக் கழற்றினால் இன்னொரு கூட்டம். முப்பது வருஷம் வகுப்பில் இதைச் சொல்லி, பிள்ளைகளை வாயை மூடி முணுமுணுக்கவும் பிறகு குசுகுசுக்கவும் வைத்துக் காட்டியிருக்கிறேன். இலக்கணம் பிடிக்காத பிள்ளையும் அந்த வகுப்பை மறக்கவில்லை.

கேள்வி: சினிமாக் கிசுகிசுவுக்குப் பழந்தமிழில் சொல் உண்டா? (ஒரு வாசகி, திருத்தணி)

பதில்: நடிகர்கள் கதை அன்று இல்லை, காதலர்கள் கதை இருந்தது. அதற்கு ஒன்றல்ல, இரண்டு சொல் வைத்திருந்தார்கள்: அம்பல், அலர். இரண்டுக்கும் உள்ள தூரத்தை இறையனார் களவியல் உரை அழகாகக் காட்டுகிறது. அம்பல் என்பது மொட்டு. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், ஏதோ முணுமுணுப்பார்கள், யாரைப் பற்றி என்று வெளியே தெரியாது. அலர் என்பது மலர்ந்த பூ. இன்னாருக்கும் இன்னாளுக்கும் என்று ஊரே பெயர் சொல்லிப் பேசும். வாயடைத்த ஒலி வாய்திறந்த ஒலியாவதை, மொட்டு பூவாவதாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஊர்ப்பேச்சின் இரைச்சலுக்குக் கௌவை என்றும் ஒரு சொல் உண்டு. ‘ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்’ என்கிறது குறள். ஊர் பேசப் பேசக் காதல் வளர்கிறதாம். பத்திரிகையில் வருவது பெரும்பாலும் அம்பல். பெயர் போடாமல் ‘மூன்றெழுத்து நடிகை’ என்று எழுதுகிறார்கள் அல்லவா, அந்த இடம்.

கேள்வி: ஆளரவத்துக்குத் தெலுங்கில் என்ன சொல்? (அதே நகரி மாணவர், இரண்டாம் கடிதத்தில்)

பதில்: அலிகிடி. அழகான சொல். அரவத்தைவிடவும் மெலிந்தது என்று எனக்குத் தோன்றும்.

நகரியில் இருக்கும் உங்களுக்கு அதை நான் விளக்கவே வேண்டாம். எங்கள் தெருவில் இருபுறமும் விசைத்தறி. பகலெல்லாம் நாடா அடிக்கும் ஓசையில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது, உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேசிக்கொள்வோம். கரண்ட் போனதும் தெரு முழுக்க ஒரே அடியாக நிற்கும். அந்த முதல் நிமிஷத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். அப்போதுதான் ஒவ்வொன்றாக வரும். எதிர்வீட்டுத் திண்ணையில் பாட்டி தனக்குத்தானே முணுமுணுப்பது, தறிமேடையிலிருந்து யாரோ இறங்குவது, சுவருக்கு அந்தப் பக்கம் கொலுசு. போன வாரம் அப்படி நின்றபோது பக்கத்துத் தறியில் இருந்த தெலுங்குப் பையன் தலையைத் தூக்கி, “யாரோ வராங்க சார், அலிகிடி கேக்குது” என்றான். எட்டிப் பார்த்தால் தபால்காரர், கையில் உங்கள் கடிதத்தோடு.