அரிசி அடைக்கும்போது எத்தனை பைகளைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி: சம்மாந்துறையில் சிறிய அரிசி ஆலை நடத்துகிறோம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,000 ஐந்து கிலோ பைகள் அடைக்கிறோம். பத்து சதவீதம் சோதித்தால் போதும் என்கிறார் ஒருவர், மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணைப்படி செய் என்கிறார் இன்னொருவர். எதைப் பின்பற்றுவது?

பதில்: அடைத்துக்கொண்டிருக்கும்போதே பிழையைப் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் இரண்டும் வேண்டாம். எத்தனை பை என்பதற்கு முன், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதைத் தீர்மானியுங்கள். களுவாஞ்சிக்குடிப் பக்கம் அரிசி பொதியிடும் ஆலையொன்றில் தரக்கட்டுப்பாட்டைக் கவனிப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பத்து சதவீதம் கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். ஆனால் நூற்றுக்கு 4 பைகள் பழுதான 50 பைத் தொகுதியில் 5 பைகளைச் சோதித்தால், 100 தடவையில் 81 தடவை பழுது ஒன்றுகூடக் கண்ணில் படாது. அதே அளவு பழுதுள்ள 1,000 பைத் தொகுதியில் 100 பைகளைச் சோதித்தால் 2 தடவைகூடத் தப்பாது. ஒரே சதவீதம், முற்றிலும் வேறு பாதுகாப்பு.

அட்டவணை அப்படியல்ல, கணக்கோடு செய்யப்பட்டது. 2,000 பைகளுக்கு, வழக்கமாகப் பயன்படும் பொதுச் சோதனை மட்டம் இரண்டில் ‘கே’ என்ற எழுத்து வரும். அதற்கு மாதிரி 125 பைகள். ஏகியூஎல், அதாவது ஏற்கத்தக்க தர எல்லை, 1.0 (நூற்றுக்கு 1 பழுது) என்று வைத்தால் பழுது 3 வரை ஏற்கலாம், 4 என்றால் தொகுதியையே நிராகரிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அது அடைத்து முடித்த தொகுதிக்குத் தீர்ப்புச் சொல்லும் முறை. தீர்ப்பு வரும்போது 2,000 பைகளும் அடுக்கப்பட்டிருக்கும். காலையிலேயே மெஷின் எடை குறைத்துப் போட்டிருந்தால் அத்தனையையும் கலைக்க வேண்டும்.

எட்டு மணி நேரத்தில் 2,000 பை என்றால் அரை மணிக்கு 125 பை. அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால், பிழை தெரியவரும்போது திரும்பிப் பார்க்க வேண்டியது அந்த 125 பைகளைத்தான். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் 500. எத்தனை பைகளை மறுபடி நிறுக்க உங்கள் ஆட்களால் முடியுமோ, அதுதான் இடைவெளியைச் சொல்லும். அரை மணிக்கு 5 பை வீதம் நாள் முழுவதும் 80 பைகள்தான், அட்டவணை கேட்பதைவிடக் குறைவு.

அந்த ஐந்தையும் அடுத்தடுத்து எடுங்கள். அப்போதுதான் ஐந்துக்குள் தெரியும் வித்தியாசம் மெஷினின் இயல்பான ஆட்டமாகவும், ஒரு ஐந்துக்கும் அடுத்த ஐந்துக்கும் இடையில் தெரிவது மெஷின் அளவு மெல்ல விலகும் நகர்வாகவும் இருக்கும். நிரப்பும் வாய் இரண்டு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் வையுங்கள். கலந்து எழுதினால் ஒன்றின் குறையை மற்றதன் மிகை மறைத்துவிடும். நிறுக்கும்போது வெறும் பையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். தராசைத் தினமும் காலையில் 5 கிலோ படிக்கல் வைத்துச் சரிபாருங்கள்.

சராசரியையும், அதிக எடைக்கும் குறைந்த எடைக்கும் உள்ள வீச்சையும் தாளில் புள்ளியாகக் குறியுங்கள். 1924இல் பெல் தொலைபேசிக் குழுமத்தின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியியலாளர் ஷூவார்ட் தொடங்கிவைத்த கட்டுப்பாட்டு வரைபட முறையின் ஒரு வகை இது. ஐந்து பை மாதிரியின் சராசரிக்கு எல்லை, சராசரி வீச்சின் 0.577 மடங்கு. வீச்சு சராசரியாக 20 கிராம் என்றால், மொத்தச் சராசரிக்கு மேலும் கீழும் 11.5 கிராம். புள்ளி வெளியே போனாலோ, தொடர்ந்து 8 புள்ளிகள் ஒரே பக்கம் விழுந்தாலோ மெஷினை நிறுத்திக் காரணம் தேடுங்கள். உள்ளே இருக்கும்வரை கை வைக்காதீர்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் திருகாணியைத் திருப்பினால் ஆட்டம் கூடத்தான் செய்யும். இந்த எல்லை மெஷினுடையது, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்கு வேறு. சட்டமுறை அளவியலுக்கான சர்வதேச அமைப்பான ஓஐஎம்எல்லின் ஆர்87 பரிந்துரைப்படி 5 கிலோ பைக்குப் பொறுக்கத்தக்க குறை 75 கிராம், ஆனால் தொகுதியின் சராசரி 5 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது.

நேரத்தை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். சம்பாவிலிருந்து நாட்டரிசிக்கு மாறும்போது கொள்ளளவால் அளக்கும் மெஷினில் எடை உடனே மாறும், அரிசி மணியின் உருவம் வேறு என்பதால். பெரும்போகப் புது நெல் வரும்போதும் அப்படியே. மின்சாரம் போய் ஜெனரேட்டர் இயங்கிய பிறகு சீல் வைக்கும் கம்பி சூடேறச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்துப் பைகள் பார்வைக்கு ஒட்டியிருக்கும், இரு ஓரத்தையும் பிடித்து இழுத்தால் நூல் பிரிவதுபோல் பிரியும். இப்படி எது மாறினாலும் முதல் ஐந்து பைகளைச் சோதித்த பிறகே மற்றவற்றை அடுக்க விடுங்கள்.

அட்டவணையைத் தூக்கி எறிய வேண்டாம். அச்சடித்த வெறும் பைகள் கொழும்பிலிருந்து 10,000 வந்து இறங்கும்போது 200 எடுத்துப் பாருங்கள். ஏகியூஎல் 1.0இல் 5 பழுது வரை ஏற்கலாம், 6 என்றால் லொறியிலேயே திருப்பி அனுப்புங்கள்.