தாயைப் போலவே மகளும் ஆகிவிடுவாளா?

கேள்வி: எனக்கு 17 வயதில் கல்யாணம், 18 முடிவதற்குள் மகள் பிறந்துவிட்டாள். என் அம்மாவுக்கும் அப்படித்தான். மகளுக்கு இப்போது 16, பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு பையனோடு போனில் பேசுவது தெரிந்ததும் போனைப் பிடுங்கிவிட்டோம். "ஏதாவது ஆவதற்குள் முறைமாமனுக்குக் கட்டிக்கொடு" என்கிறார் மாமியார். இது எங்கள் குடும்ப ராசியா டாக்டர்?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: ராசியும் இல்லை, ரத்தத்தில் வருவதும் இல்லை. சின்ன வயதில் தாயானவர்களின் மகள்களும் சீக்கிரமே கர்ப்பமாவது அதிகம் என்பது உண்மைதான். ஆனால் மகளுக்குப் போய்ச் சேருவது பாதியில் நின்ற படிப்பும், வீட்டின் பணக்கஷ்டமும், இதைப் பற்றி யாரும் வாய் திறக்காத பழக்கமும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 19 வயதுக்குள், பள்ளிக்கே போகாத பெண்களில் 100க்கு 18 பேர் தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தார்கள். பிளஸ் டூ முடித்தவர்களில் 4 பேர்தான். அதனால்தான் சொல்கிறேன், படிப்பை நிறுத்தாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வந்தவள் என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

உங்கள் மாமியாரின் பயம் புரிகிறது. ஆனால் தாலி கட்டினால் கர்ப்பம் தள்ளிப்போகாது. அடுத்த மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ரத்தசோகை, ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, எல்லாம் இந்த வயதில் அதிகம். 18க்குள் கல்யாணம் செய்துவைப்பது குற்றம். கணவனே ஆனாலும் போக்சோ பாயும்.

அப்புறம் அந்தப் போன். பிடுங்கினால் பேச்சு நிற்காது, உங்களுக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான். கர்ப்பமாகி என்னிடம் வரும் பெண்களில் பலர் நாலைந்து மாதம் கழித்தே வருகிறார்கள். கேட்டால், "அம்மா அடிப்பாங்கன்னு சொல்லல" என்கிறார்கள். மனசு வலிக்கிறது. போனைத் திருப்பிக் கொடுங்கள், நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். கர்ப்பம் எப்படி உண்டாகிறது, ஆணுறை எதற்கு, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் பேசுங்கள். பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதை ஆய்வுகள் ஏற்கவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் 17 வயதைப் பற்றிச் சொல்லுங்கள். அதைவிட நல்ல பாடம் எந்த டாக்டரிடமும் இல்லை.

மாதவிடாய் தள்ளிப்போனால் உடனே சொல்லலாம், திட்ட மாட்டேன் என்று இன்றைக்கே அவளுக்கு வாக்குக் கொடுங்கள். அப்படி ஏதும் நேர்ந்தால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். கல்யாணத்துக்கு யாராவது கட்டாயப்படுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்; உங்கள் மகளே கூடச் செய்யலாம்.