நெட்டி முறித்தால் முதுகுவலி போகுமா? கர்ப்பிணிகளின் கேள்விகளும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்களும்

"எனக்கு 22-வது வாரம். ஐ.டி. வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறேன். கீழ்முதுகு வலி தாங்க முடியவில்லை. முதுகில் மைக் வைத்து 'டப் டப்' என்று சத்தம் வரவைக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு கைரோபிராக்டரிடம் போகலாம் என்கிறார் கணவர். குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே?" – கோவை வாசகி

முதலில் அந்தச் சத்தம். விரலில் நெட்டி முறித்தால் வருவதும் அதேதான். மூட்டு சட்டென்று விரியும்போது உள்ளிருக்கும் திரவத்தில் வாயு இடைவெளி உண்டாகிறது, சத்தம் கேட்கிறது. விலகிய எலும்பு எதுவும் திரும்பப் போய் உட்காருவதில்லை. உங்கள் முதுகில் எதுவும் விலகவும் இல்லை. வயிறு முன்னால் தள்ளத் தள்ள முதுகுத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கின்றன. அதன்மேல் எட்டு மணி நேர நாற்காலியும் சேர்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, முறித்துச் செய்யும் சிகிச்சை. பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பு விலகுவதே காரணம் என்றார் அவர். அந்தக் கொள்கை நிற்கவில்லை. ஆனால் கையால் செய்யும் சிகிச்சை என்ற அளவில் சாதாரண முதுகுவலிக்குக் கொஞ்ச நாள் நிம்மதி தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வுகள் சிறியவை, தரமும் சுமார்தான். குழந்தைக்குக் கெடுதல் என்று அவை காட்டவில்லை, உடற்பயிற்சியைவிட மேல் என்றும் காட்டவில்லை.

நான் சொன்னால் தொழில் போட்டி என்று தோன்றலாம், பரவாயில்லை. கனடா, பிரிட்டன் போல நம் நாட்டில் கைரோபிராக்டர்களுக்குத் தனிப் பதிவுக் கவுன்சில் கிடையாது. வெளிநாட்டில் பல வருஷம் படித்து வந்தவரும் சில நாள் வகுப்புக்குப் போய் வந்தவரும் ஒரே மாதிரி போர்டு மாட்டிக்கொள்ள முடியும். போவதென்றால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கே படித்தார், கர்ப்பிணிகளுக்குச் செய்து பழக்கம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கழுத்தைத் திருப்பி முறிக்க மட்டும் விடவே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதத்தில் முடிந்ததுண்டு. அரிதுதான், ஆனாலும் இடுப்பு வலிக்குப் போன இடத்தில் கழுத்தை ஏன் பணயம் வைக்க வேண்டும்? எக்ஸ்ரே எடுத்து வாருங்கள் என்றாலோ, மொத்தமாக இத்தனை சிட்டிங்குக்கு முன்பணம் கட்டுங்கள் என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கு முன் இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடிக்கவாவது நடங்கள். ஒரு துண்டைச் சுருட்டிக் கீழ்முதுகுக்குப் பின்னால் வையுங்கள். மாலையில் சுவரில் சாய்ந்து நின்று, குதிகாலை அரையடி முன்னால் தள்ளி, முழங்காலைச் சற்றே மடக்குங்கள். கீழ்முதுகுக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கை நுழைகிற இடைவெளி இருக்கும். அங்கே கையை வைத்து, மூச்சை விட்டபடியே முதுகால் அந்தக் கையை அழுத்துங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். பத்து முறை போதும். அப்புறம் கையும் முழங்காலும் ஊன்றி, பூனை போல முதுகை மெல்ல மேலே வளைத்து, பழையபடி நேராக்குங்கள். இதற்கும் கேட்காத வலி என்றால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள்.

"அந்தரங்க உறுப்புக்கு மேலே இருக்கிற எலும்பில் கத்தியால் குத்துகிற மாதிரி வலி. 30 வாரம் ஆகிறது. படுக்கையில் புரளவே பயமாக இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் 'இந்த நேரத்தில் அப்படித்தான்மா' என்று அனுப்பிவிடுகிறார்கள்." – மதுரை வாசகி

அப்படித்தான் என்று விட வேண்டியதில்லை. இடுப்பெலும்புகள் சேரும் மூட்டுகளில் வரும் இதற்கு இடுப்பு வளைய வலி என்று பெயர். ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது ஏதோ ஓர் அளவில் வருகிறது. குழந்தையை இது பாதிக்காது, அம்மாவைத்தான் பாடாய்ப் படுத்தும்.

இதற்குப் பயிற்சியைவிடப் பழக்கத்தை மாற்றுவதுதான் முதல் மருந்து. ஒற்றைக் காலில் நிற்கும் எந்த வேலையும் இந்த வலியைக் கிளப்பும். லெகிங்ஸ், பேன்ட், உள்ளாடை எல்லாவற்றையும் கட்டிலில் உட்கார்ந்தே போடுங்கள். படியேறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுங்கள். ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப் போட்டு உட்காருவதை நிறுத்துங்கள். காரில் முதலில் வெளியே பார்த்தபடி சீட்டில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் ஒட்டியபடியே உள்ளே திருப்புங்கள். ஒரு இடுப்பில் மூத்த குழந்தை, மறு கையில் பை என்று நடக்கவே கூடாது.

படுக்கையில் முழங்கால்களுக்கு நடுவே கணுக்கால் வரை நீளும் தலையணை வேண்டும். புரளும்போது அதை விடாமல் கவ்விக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பட்டும். பருத்தி நைட்டியும் பருத்தி விரிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பழைய பட்டுப்புடவையை மடித்து இடுப்புக்குக் கீழே விரித்தால் உடம்பு வழுக்கித் திரும்பும். பிரசவ வகுப்புகளில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லித்தரும் வண்ணத்துப்பூச்சி ஆசனம் உங்களுக்கு இப்போது வேண்டாம், கால் அகல அகல வலி கூடும். இடுப்பு பெல்ட் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இடம் பார்த்துக் கட்டிக் காட்டட்டும், பெல்ட் வயிற்றின் மேல் ஏறக்கூடாது.

"மாமியார் ஊரில் சுளுக்கு எடுக்கிற பாட்டியிடம் போகச் சொல்கிறார். போகலாமா?" – திருநெல்வேலி வாசகி

முதுகிலும் தோளிலும் எண்ணெய் தடவி இதமாக நீவிவிட்டால் நல்லதுதான், உறக்கமும் வரும். வயிற்றில் கை வைக்க வேண்டாம், ஏறி மிதிக்க வேண்டாம், முறுக்கி இழுக்க வேண்டாம். பாட்டியிடம் இதை மாமியாரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் எடுபடாது. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாக வலித்தால் அதை யாரும் நீவக் கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

"34 வாரம். பிள்ளை தலை மேலே இருக்கிறது. இங்கே ஒரு கைரோபிராக்டர் 'வெப்ஸ்டர்' முறையில் திருப்பலாம் என்கிறார். அக்காவும் போகச் சொல்கிறா." – ஸ்கார்பரோ, கனடா

34 வாரத்தில் தலை மேலே இருப்பது கவலைப்படும் விஷயம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே திரும்பிவிடும். மாதம் நிறைந்தபின்னும் திரும்பாமல் இருப்பது நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான். இந்த வாரக் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது: இப்போது யார் என்ன செய்தாலும் பிள்ளை பெரும்பாலும் திரும்பத்தான் போகிறது, பெயர் அவருக்குப் போய்ச் சேரும்.

வெப்ஸ்டர் முறையில் இடுப்பெலும்புப் பகுதியையும் வயிற்றோரத் தசைநார்களையும் மெல்ல அழுத்துகிறார்கள். அதனால் பிள்ளை திரும்புகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. இடுப்புக்கு இதமாக இருந்தால் போங்கள், பிள்ளையைத் திருப்ப என்று போகாதீர்கள். 36, 37 வாரத்திலும் திரும்பாவிட்டால், மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் பார்த்தபடி வயிற்றின் மேலிருந்தே கையால் திருப்பும் முறை உண்டு. ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது பலிக்கிறது. மருத்துவமனையில், பிள்ளையின் இதயத்துடிப்பைக் கவனித்தபடி செய்வார்கள். அடுத்த செக்கப்பில் அதைக் கேளுங்கள்.

"ஒன்பதாம் மாதம் குனிந்து, குத்தவைத்து வீடு துடைத்தால் சுகப்பிரசவம் ஆகும் என்கிறார்களே?" – தஞ்சாவூர் வாசகி

வீடு சுத்தமாகும். சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் எல்லாம் இல்லை. இத்தனை நாளும் குத்தவைத்துப் பழகியவர், வலி இல்லாதவர் என்றால் கொஞ்ச நேரம் செய்வதில் தப்பும் இல்லை. ஈரத்தரைதான் எனக்குப் பயம். வயிறு பெரிதாகும்போது உடம்பின் சமநிலை மாறிவிடும், சறுக்கினால் பிடித்துக்கொள்ள முடியாது. மாப் வேலையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி வரை உட்கார்ந்து எழுங்கள்.

"சர்க்கரை வந்திருக்கிறது, நடக்கச் சொன்னார்கள். எவ்வளவு நேரம்? வாக்கிங் மட்டும் போதுமா?" – சென்னை வாசகி

வாரத்துக்கு 150 நிமிடம், மிதமான வேகத்தில். உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் அளவு அதுதான். உங்களுக்கு அதை ஒரே மூச்சில் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் என்று பிரித்து நடப்பது சர்க்கரைக்கு நல்லது. வேகம் எவ்வளவு? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மே மாத வெயிலில் வேண்டாம், மொட்டை மாடியில் சாயங்காலம் போதும். இன்சுலின் போடுபவர் என்றால், சர்க்கரை சட்டென்று இறங்கினால் சாப்பிடக் கையில் மிட்டாய் இருக்கட்டும். நடையோடு, சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் போல ஏதாவது தசைப் பயிற்சியும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேருங்கள். நான்காம் மாதத்துக்குப் பின் மல்லாந்து படுத்தபடி நெடுநேரம் எதுவும் செய்ய வேண்டாம்.

நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், ரத்தக்கசிவு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்கக் கூடாது. அவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

"மனைவிக்கு முதுகில் வலி களிம்பு தேய்த்துவிடலாமா?" – சேலம் வாசகர்

அட்டையில் டைக்ளோஃபெனாக் என்று இருக்கிறதா பாருங்கள். நம் வீடுகளில் இருக்கும் வலி ஜெல்கள் பலவற்றில் அதுதான் மருந்து. 20 வாரத்துக்குப் பின் அந்த வகை வலி மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். களிம்பாகப் பூசினால் உள்ளே போகும் அளவு குறைவுதான் என்றாலும் டாக்டரைக் கேட்காமல் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான வெந்நீர்ப்பை, முதுகில் மட்டும், 10 நிமிடம் வைக்கலாம்.

முதுகுவலி விட்டு விட்டு, ஒரு ஒழுங்கில் வந்து போனால் அது பிரசவ வலியாகவும் இருக்கலாம். வலியோடு காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், ரத்தக்கசிவு, நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது இதில் எது இருந்தாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்கு வண்டியை எடுங்கள்.