தொகுத்த நிரலைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் கிட்ரா. உபுண்டுவில் அதன் விண்டோவே திறக்கவில்லை. ஜாவா போட்டாயிற்று, ஜிப்பையும் விரித்தாயிற்று. இன்னும் என்ன பாக்கி?

பெரும்பாலும் ஜாவாவில்தான் பாக்கி இருக்கும். ஆனால் அதற்கு முன்னால், எந்த ஜிப்பை இறக்கினீர்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கிட்ஹப்பின் வெளியீட்டுப் பக்கத்தில் 'சோர்ஸ் கோட்' என்று ஒரு ஜிப் இருக்கும். அது கிட்ஹப் தானாகவே ஒட்டிவைப்பது. அளவு சின்னதாக இருக்கிறதே என்று நான் அதைத்தான் இறக்கினேன். விரித்துப் பார்த்தால் முதல் ஃபோல்டரில் கிட்ராவைத் தொடங்கிவைக்கும் கிட்ராரன் ஸ்கிரிப்டே இல்லை. அது மூலநிரல் மட்டும். கிரேடில் என்ற கருவியை வைத்து, ஓடக்கூடிய மென்பொருளாக நாமே கட்டிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வேண்டியது கோப்புப் பெயரில் 'பப்ளிக்' என்று இருக்கும் ஜிப்.

சரி, ஜாவா. கிட்ரா 10.2 முதல் 11.1 வரை ஜேடிகே (ஜாவா நிரல் எழுதவும் ஓட்டவும் வேண்டிய தொகுப்பு) 17 போதும்; 11.2 வந்ததிலிருந்து 21 வேண்டும். ஓட்ட மட்டும் உதவும் ஜேஆர்இ போதாது. இதெல்லாம் சரியாக இருந்தும் நான் மாட்டிக்கொண்டது 'ஹெட்லெஸ்' என்ற வாலில். ஓப்பன்ஜேடிகே 21-க்கு உபுண்டுவில் இரண்டு பொதிகள் உண்டு, ஒன்றின் பெயர் ஹெட்லெஸ் என்று முடியும். சர்வருக்கானது அது, திரையில் விண்டோ வரையத் தேவையான நூலகங்கள் அதில் இல்லை. டெர்மினலில் பதிப்பு எண் கேட்டால் 21 என்று சமர்த்தாகச் சொல்லும், கிட்ரா மட்டும் எழுந்திருக்காது! வால் இல்லாத பொதியைப் போட்டதும் டிராகன் படம் வந்துவிட்டது.

அப்படியும் வரவில்லையென்றால் கிட்ராரன் கோப்பை எடிட்டரில் திறங்கள். அதன் கடைசியில் லாஞ்ச் ஸ்கிரிப்டை அழைக்கும் வரியில் 'பிஜி' என்று இருக்கும். பின்னணியில் ஓடு என்று அர்த்தம். அதனால்தான் பிழைச் செய்தி உங்கள் கண்ணில் படுவதில்லை. அதை 'எஃப்ஜி' என்று மாற்றி ஓட்டினால் டெர்மினலிலேயே எல்லாம் கொட்டும். எழுத்து எறும்பு மாதிரி தெரிந்தால் சப்போர்ட் ஃபோல்டரில் இருக்கும் லாஞ்ச் பிராப்பர்ட்டீஸ் கோப்பில் யூஐ ஸ்கேல் மதிப்பை 2 ஆக்குங்கள்.

அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ கொடுத்த சாமானை நம்பிப் போடலாமா என்று என்னிடம் சிலர் கேட்டதுண்டு. 2019 மார்ச்சில் கிட்ராவை வெளியிட்டார்கள், அடுத்த மாதமே மூலநிரலும் வந்துவிட்டது, அப்பாச்சி உரிமத்தில். சந்தேகம் இருந்தால் படித்துப் பார்க்கலாம். நான் படிக்கவில்லை.

திறந்ததும் பெரிய மென்பொருள் எதையும் உள்ளே தள்ளாதீர்கள். பத்து வரியில் நீங்களே ஒரு சி நிரல் எழுதி, ஜிசிசியில் தொகுத்து, 'ஸ்ட்ரிப்' கட்டளையால் பெயர்களை நீக்கிவிட்டு அதைக் கொடுங்கள். உங்கள் நிரலின் முதன்மைச் செயற்கூறான மெயின் என்ற பெயர் காணாமல் போயிருக்கும். நிரல் தொடங்கும் இடமான என்ட்ரியில் போய்ப் பாருங்கள்: சி மொழியின் அடிப்படை நூலகமான லிப்சியின் தொடக்கச் செயற்கூற்றுக்கு முதல் உள்ளீடாகப் போகும் முகவரிதான் உங்கள் மெயின். அதன்மேல் நின்று எல் விசையைத் தட்டிப் பெயர் வையுங்கள்.